சைபர் போட்டது நான்தான்

எனக்கு வாய் அதிகம், படிப்பு கம்மி. நாலாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டேன். விட்டேன்னு சொல்றது மரியாதைக்கு. வாத்தியாரு எங்கப்பாவ கூப்பிட்டு, "இவன் இங்க இருந்தா மத்த பிள்ளைங்க படிக்காது"ன்னு சொல்லி கையில ஒப்படைச்சாரு. அன்னைக்கு பாமாயில் செம்பனைக் காட்டுக்குள்ள போனவன், இன்னும் வெளிய வரல. ஈஜோக் சுத்தி இருக்குற எஸ்டேட்டுலேர்ந்து மில்லுக்குப் பழம் ஏத்துற லோரி ஓட்டுறேன். லோரிக்கு மூணு பக்கம் அடி வாங்கியிருக்கு. எனக்கு நாலு பக்கமும்.

கல்யாண வீடோ சாவு வீடோ, நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாலயே நாலு பேரு சிரிச்சிடுவாங்க. எனக்கும் அதுல ஒரு பெருமை. அழகு இல்ல, காசு இல்ல, இது ஒண்ணாவது இருக்கேன்னு.

அந்த வாய் எங்க வீட்டுலயே என்ன வேலை பண்ணுச்சுன்னு இப்ப சொல்றேன்.

எங்களுக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்து பத்தாவது நாள். என் மாமியாரு சுங்கை பெசார்லேர்ந்து வந்து வீட்டையே கையில எடுத்துக்கிட்டாங்க. ஜன்னல் மூடியாச்சு. ஃபேனு சுத்தக்கூடாது, காத்து உடம்புல ஏறிடுமாம். பச்சத் தண்ணி கூடாது. முப்பது நாளைக்கு வாசப்படி தாண்டக்கூடாது. தினம் சுறாப்புட்டு. நான் ஜெராமுக்குப் போயி சுறா வாங்கியாந்து வாங்கியாந்து, மீன்காரனே "அண்ணே, வீட்டுல என்ன, திமிங்கலமா வளக்குறீங்க?"ன்னு கேட்டான்.

அப்பத்தான் கிளினிக்கு நர்ஸு, நாங்க மிஸ்ஸின்னு கூப்புடுறவங்க, வந்தாங்க. பிள்ளை பெத்த வீட்டுக்கு அவங்க வந்து பாக்குறது வழக்கம். மலாய்க்காரங்க, நல்ல மனுஷி. பிள்ளைய நிறுத்துப் பாத்தாங்க, தொப்புளப் பாத்தாங்க, அப்புறம் ஒரு ஃபாரம் எடுத்தாங்க. பத்து கேள்வி. தாயோட மனசு எப்படி இருக்குன்னு கேக்குற ஃபாரமாம்.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. அரசாங்க ஆளு யாரு வாசலுக்கு வந்தாலும், கொசு மருந்து அடிக்கிறவன் வந்தாலும் சரி, ஓட்டுக் கேக்குறவன் வந்தாலும் சரி, ஆம்பளதான் பதில் சொல்லணும். எஸ்டேட்டு லயத்து வரிசை வீட்டுல இருந்தப்ப கணக்கெழுதுற கிராணி வந்து நின்னா எங்கப்பா பேசுவாரு, எங்கம்மா கதவுக்குப் பின்னால நிப்பாங்க. இப்ப கிராணியும் இல்ல, லயமும் இல்ல, தாமான்ல, புதுக் குடியிருப்புல, கல்லு வீடு. கதவுக்குப் பின்னால நிக்கிறது மட்டும் அப்படியே இருக்கு.

மிஸ்ஸி மலாய்ல என் பொண்டாட்டியப் பாத்துத்தான் கேட்டாங்க. "சிரிக்க முடியுதா?"

நான் சொன்னேன்: "என்னைக் கட்டிக்கிட்டு சிரிக்காம இருக்க முடியுமா மிஸ்ஸி? மூஞ்சியப் பாருங்க."

மிஸ்ஸி சிரிச்சாங்க. அவ்வளவுதான், எனக்கு மேடை கெடச்சிருச்சு.

"காரணமில்லாம பயமா இருக்கா?"

"பயமா? அவ என்னையே அடிப்பா."

"தூக்கம் வருதா? அழுக வருதா?" எல்லாத்துக்கும் நான்தான். "ஓகே லா மிஸ்ஸி. டாக் அடா மசாலா, ஒரு பிரச்சனையும் இல்ல." கடைசிக் கேள்வி கொஞ்சம் தணிஞ்ச குரல்ல கேட்டாங்க. தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுச்சான்னு. அதுக்கும் நானே, "சீச்சீ"ன்னேன். எம் பொண்டாட்டி தரையப் பாத்துக்கிட்டு இருந்தா. மிஸ்ஸி அவளையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அன்னைக்கு அவங்க இன்னும் எத்தனையோ வீடு போகணும். பிரச்சனை இல்லன்னா சைபராம். பத்துக்கும் சைபர் போட்டு, கூட்டி, கீழயும் ஒரு சைபர் போட்டுட்டுப் போயிட்டாங்க. என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுக்கு அப்புறம் அவ்வளவு சைபர் நான் பாத்ததில்ல. அதுக்கும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் பதிமூணு நாளு. மதியம் ஒரு மணி இருக்கும். லோரி நெறையப் பழம் ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போயிட்டு இருக்கேன். பெரிய ரோட்டு பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பள உக்காந்திருக்கா. தலை கலைஞ்சிருக்கு, கால்ல செருப்பு இல்ல. யாரோ பாவம்னு தாண்டிப் போயிட்டேன். தாண்டுன அப்புறந்தான் அந்த நைட்டி எங்க வீட்டுக் கொடியில காயுற நைட்டின்னு மண்டையில ஏறுச்சு.

லோரிய நிறுத்திட்டு ஓடியாந்தேன். "இங்க என்னா பண்ற? பிள்ள எங்க?"

"அம்மாகிட்ட தூங்குது."

"நீ எங்க போற?"

"தெரியல." ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னா: "பிள்ள உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க. நான் இல்லன்னா நல்லா இருக்கும்."



அவளத் தூக்காத குறையா லோரியில ஏத்துனேன். வீட்டுக்குப் போனா மாமியாரு இருக்காங்க, பக்கத்து வீடு இருக்கு, ஆளுக்கு ஒரு மருந்து சொல்லுவாங்க. நேரா கிளினிக்குக்கு விட்டேன். எந்தக் கிளினிக்குன்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன், அங்க நல்லவங்களும் வேலை செய்யுறாங்க. பத்து டன் செம்பனைப் பழத்தோட ஒரு லோரி தாய்-சேய் வாசல்ல வந்து நின்னா எப்படி இருக்கும்? காவக்காரரு கத்துறாரு, அம்பலன்ஸுக்கு வழியில்ல, மேலேர்ந்து ரெண்டு குலை வேற உருண்டு அவரு கால்கிட்ட விழுது. "மில்லு அந்தப் பக்கம்!"னு கைய காட்டுறாரு. "தெரியும்! இது வேற சரக்கு!"ன்னு நானும் கத்துறேன்.

அதே மிஸ்ஸிதான் உள்ள இருந்தாங்க. அலமாரியிலேர்ந்து அவ ஃபாரத்த எடுத்து, பத்து சைபரையும் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"நீங்க வெளிய போங்க" மட்டும் சொன்னாங்க.

நான் வெளிய நின்னேன். பத்து கேள்விக்கு நான் ரெண்டு நிமிஷத்துல பதில் சொன்னவன். அவ உள்ளேர்ந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் டாக்டரப் பாத்தோம். மாத்திரை குடுத்தாரு, ரெண்டு நாள்ல திரும்ப வரச் சொன்னாரு, தனியா விடாதீங்கன்னாரு. இது வியாதிதான், பிள்ளை பெத்த பல பேருக்கு வர்றதுதான், கொணமாகும்னாரு. கூடவே, புதன்கிழமை புதன்கிழமை ஒரு கவுன்சலர் வர்றாங்க, தமிழ்ப் பொண்ணு, அவங்களப் பாக்கணும்னு எழுதிக் குடுத்தாரு.

வீட்டுல மாமியாரு ஆடிட்டாங்க. "மாப்ள, இருபத்தி மூணு நாளுதான் ஆச்சு! பச்ச ஒடம்புக்காரிய லோரியிலயா ஏத்திட்டுப் போனீங்க?" அவங்க சர்ச்சுக்குப் போற குடும்பம். எங்கம்மா வழி அத்தை மாரியம்மன் கோயிலு. ஒருத்தங்க தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணாங்க, இன்னொருத்தங்க கறுப்புக் கயிறு கொண்டாந்து கட்டுனாங்க. நான் ரெண்டுக்கும் தலையாட்டுனேன். "ரெண்டு சாமியும் பாத்துக்கட்டும், புதன்கிழமை கவுன்சலரு பாத்துக்கட்டும்"னேன். மாமியாரு மூணு நாளு என்கிட்ட பேசல. வீடு நிம்மதியா இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன், அவங்க இதப் படிப்பாங்க.

புதன்கிழமையில கவுன்சலர் ரூமுக்கு வெளிய ஒரு பெஞ்சு. பொண்டாட்டிங்க உள்ள, புருஷனுங்க பெஞ்சுல. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கமாட்டோம். எல்லாருக்கும் போன்ல ரொம்ப அவசரமான வேலை. நான் சும்மா இருப்பேனா? பக்கத்துல ஜெராம்காரரு ஒருத்தரு, போட்டுல மீன் புடிக்கப் போறவரு. "என்னா அண்ணே, வீட்டுல என்னா?"ன்னேன்.

"பல்லு வலி" ன்னாரு.

அதுக்கு அடுத்தவரு, "எங்களுக்கும் பல்லுதான்."

"எனக்கும் பல்லுதான் லா" ன்னேன். "பல் டாக்டரு ரூமு அந்தக் கடைசியில இருக்கு. அங்க ஒரு ஆளக் காணோம். இங்க அஞ்சு பேரு பல்லு வலின்னு உக்காந்திருக்கோம்."

ஜெராம்காரரு மொதல்ல மொறச்சாரு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவரு நிறுத்தல, கண்ணுல தண்ணி வந்துருச்சு. சட்டையில தொடச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பெஞ்சுல யாரும் பல்லப் பத்தி பேசல. நாலு மாசம் அந்தப் பெஞ்சுல உக்காந்து நான் கத்துக்கிட்டது நாலாம் ஆண்டு வரைக்கும் கத்துக்கிட்டத விட அதிகம்.

அவ மெல்ல மெல்லத் தேறுனா. ஒரே நாள்ல இல்ல. ரெண்டு வாரம் நல்லா இருப்பா, ஒரு வாரம் பழையபடி சொவத்தப் பாத்துக்கிட்டு இருப்பா. புதன்கிழமை போயிட்டு வந்தா அன்னைக்கு சாப்புடுவா. ஒரு நா காலையில, நான் ஈரத் துண்ட கட்டில்ல போட்டேன்னு, "அறிவிருக்கா உங்களுக்கு? எத்தனை தடவ சொல்றது?"ன்னு கத்துனா. நான் அந்தத் துண்டோட நடுவீட்டுல நின்னுக்கிட்டு இளிச்சேன். நாலு மாசம் கழிச்சு வாங்குன மொத திட்டு. இன்னும் ரெண்டு திட்டு கெடைக்குமான்னு தலைகாணியிலயும் கொஞ்சம் ஈரம் பண்ணலாமான்னு யோசிச்சேன்.

அப்ப வந்துச்சு அந்தச் சேதி. கவுன்சலர் பொண்ணு ரூமுக்கு வெளிய வந்து எங்க எல்லாருக்கும் சேத்துச் சொல்லுச்சு. "அண்ணே, என் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கீடு வரல. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"ஒதுக்கீடுன்னா?"

"இந்த வேலைக்குன்னு அரசாங்கம் தனியா எடுத்து வெக்கிற காசு."

"அப்ப இவங்கள்லாம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கொஞ்சம் தூரம். தேதி கெடைக்க லேட்டாகும்." அந்தப் பொண்ணு தரையப் பாத்துக்கிட்டுத்தான் சொல்லுச்சு.

எம் பொண்டாட்டி அடுத்த மாசம் மொத புதன்கிழமை காலையில குளிச்சா, தலை வாருனா, நல்ல சட்டை போட்டா, நாற்காலியில உக்காந்தா. போறதுக்கு எடம் இல்ல. மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. சாயங்காலம் சட்டைய மாத்துனா. அன்னைக்கு அவ சாப்புடல.

எனக்கு பயம் வந்துச்சு. பயம் வந்தா எனக்கு கோவம் வரும். கோவம் வந்தா வாய் வரும்.

அந்த மாசமே எங்க ஊரு டேவான்ல, பொது மண்டபத்துல, மக்கள் சந்திப்பு. ஒய்பி, அதான் எங்க சட்டமன்ற உறுப்பினரு, வருவாரு, இலாகா அதிகாரிங்க வருவாங்க, கொறை இருந்தா சொல்லலாம், பீஹூன் சாப்புடலாம். நான் பேசப் போறேன்னு சொன்னதும் எம் பொண்டாட்டி என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சா.

"என் கதைய சொல்லாதீங்க. அது என்னுது. நீங்க பண்ணத சொல்லுங்க."

"நான் என்னா பண்ணேன்?"

"யோசிச்சுப் பாருங்க" ன்னுட்டு பிள்ளைக்குப் பால் கலக்கப் போயிட்டா.

டேவான்ல மொத ஒரு மணி நேரம் சாக்கடை. அப்புறம் தெரு விளக்கு. அப்புறம் நாயி. நான் கையத் தூக்குனதும் பின்னால நாலு பேரு சிரிச்சாச்சு. "வந்துட்டான்டா"ன்னு ஒருத்தன். மைக்க வாங்கி, புதன்கிழமை கவுன்சலர ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டேன். பிள்ளை பெத்த பொம்பளைங்க மனசு வைத்தியம்னு சொன்னதும் ஒருத்தன் கத்துனான்: "மனசு சரியில்லாதது உனக்குத்தானே லா!"

ஹாலே சிரிச்சிச்சு. என்னைக்கும் அந்தச் சிரிப்புக்குத்தான் நான் வாழுறேன். அன்னைக்குத்தான் அது எனக்கு எரிஞ்சுச்சு.

"ஆமாடா, எனக்குந்தான்" ன்னேன். "எனக்கும் ஒரு ஆளு வேணும். அதுக்கு அப்புறமா வரேன். ஒய்பி, நம்ம கோலா சிலாங்கூர்ல ராத்திரி மின்மினிப் பூச்சி மின்னுதா இல்லையான்னு பாக்குறதுக்கு போட்டு சவாரி இருக்கு, டிக்கெட்டு இருக்கு, ரோட்டுல போர்டு இருக்கு. நல்லது. பூச்சியும் பொழைக்கட்டும். பிள்ளை பெத்தவ மனசு அணைஞ்சு போச்சான்னு பாக்குறதுக்கு வாரத்துல ஒரு நாளு ஒரு பொண்ணு வந்துச்சு. அதையும் நிறுத்திட்டீங்க. பூச்சிக்கு இருக்குற மரியாத கூட இல்லையா?"

யாரும் சிரிக்கல. ஒய்பி பக்கத்துல இருந்த அதிகாரியப் பாத்தாரு. அதிகாரி லெப்டாப்பத் தட்டுனாரு. கெட்ட மனுஷன் இல்ல, பொறுமையாத்தான் சொன்னாரு: "அங்கள், காசு கொஞ்சந்தான். எங்க நோயாளி அதிகமோ அங்கதான் போகும். உங்க பக்கத்து எஸ்டேட், தாமான் ஃபாரமெல்லாம் என்கிட்ட இருக்கு. வீட்டுக்குப் போயி கேட்டதுல பெரும்பாலும் சைபர்தான் வந்திருக்கு. கணக்குப்படி உங்க பக்கம் பிரச்சனையே இல்ல."

எனக்கு காதுக்குள்ள மில்லு சங்கு ஊதுன மாதிரி இருந்துச்சு. அவ யோசிக்கச் சொன்னது அப்பத்தான் வெளங்குச்சு.

உக்காந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா மைக்கு கையில இருந்துச்சு.

"அந்த சைபர் நான் போட்டது" ன்னேன். "மிஸ்ஸி எம் பொண்டாட்டிகிட்ட கேட்டாங்க. நான் பதில் சொன்னேன். தமாஷு பண்ணேன். பத்துக்கும் சைபர் வாங்குனேன். பதிமூணாவது நாளு என் லோரியிலதான் அவளக் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். உங்க லெப்டாப்புல இருக்குறது அவ இல்ல. நான்."

நான் திரும்பி ஆம்பளைங்க பக்கம் பாத்தேன். "இங்க இன்னும் யாராரு பதில் சொன்னீங்க? பொண்டாட்டிய பக்கத்துல வெச்சுக்கிட்டு 'ஓகே லா மிஸ்ஸி' ன்னீங்க?"

எல்லாரும் காலப் பாத்தாங்க. என்னடா மாட்டிக்கிட்டோமேன்னு நெனச்சேன். அப்புறம் பின் வரிசையில ஒரு கை மேல வந்துச்சு. ஜெராம்காரரு. "நான் சொன்னேன்" ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, கைய மட்டும் எறக்கல. அப்புறம் பெஞ்சுக்காரரு இன்னொருத்தரு. அப்புறம் நான் எதிர்பாக்காத ஒருத்தன்: எனக்கு மனசு சரியில்லன்னு கத்துனவன். பாதி கை தான் தூக்குனான், கட்டை வெரல்ல மூக்க சொரியுற மாதிரி. நானும் அவனப் பாக்காத மாதிரி பாத்தேன்.

அதிகாரி எழுதிக்கிட்டாரு. "அப்படின்னா கணக்கு திரும்ப வரணும் அங்கள். தேவை இருக்குன்னு ரெக்கார்டு இருந்தாத்தான் நான் மேல கேக்க முடியும். அடுத்த பட்ஜெட்டுக்குப் பாக்கலாம்."

"பிள்ளை பட்ஜெட்ட பாத்தா பொறக்குது?" ன்னேன். ஒய்பி சிரிச்சாரு. நான் சிரிக்கல. என்னமோ அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா இருந்துச்சு.

வீட்டுல நடந்தத சொன்னேன். கை தூக்குனத சொன்னப்ப அவ எத்தனை பேருன்னு கேட்டா. ரெக்கார்டு வேணுமாம்னு சொன்னப்ப, "அப்ப ரெக்கார்டு குடுப்போம்" ன்னா. அன்னைக்கே போன எடுத்தா. கவுன்சலர் ரூமுக்குள்ள ஒண்ணா காத்துக்கிட்டு இருந்தப்ப இவளும் மத்த பொண்டாட்டிங்களும் நம்பர் வாங்கி வெச்சிருக்காளுங்க. நாங்க பல்லு வலின்னு பொய் சொல்லிக்கிட்டு இருந்தப்ப இவளுங்க போன்ல குரூப்பே தொறந்துட்டாளுங்க.

அடுத்த புதன்கிழமை காலையில கிளினிக்குல ஏழு பொம்பளைங்க, கையில பிள்ளைங்களோட. நாங்க வெளிய. எங்களுக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருந்தாளுங்க: வாயத் தொறக்கக் கூடாது. மிஸ்ஸி ஃபாரம் எடுத்தாந்து குடுத்தாங்க. யாரும் சொல்லாமலே கதவ எங்க மூஞ்சிக்கு நேரா சாத்துனாங்க.

கதவு சாத்துறதுக்கு முன்னால நான் ஒரு வேலை பாத்தேன். எம் பொண்டாட்டிகிட்ட மெதுவா, "கொஞ்சம் கூட்டியே போடு லா. நம்பர் ஏறட்டும். காசு வரட்டும்" ன்னேன்.

அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. "நீங்க கொறைச்சுப் போட்டதும் பொய்யி. நான் கூட்டிப் போட்டா அதுவும் பொய்யி. எனக்கு எப்படியோ அப்படித்தான் போடுவேன்."

எவ்வளவு வந்துச்சுன்னு நான் கேக்கல. சைபர் இல்ல, அது மட்டும் அவளே சொன்னா.

அதுக்கப்புறம் மேலேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பரிசீலனையில இருக்காம். என் வயசுல எத்தனையோ பரிசீலனை பாத்தாச்சு. எங்கப்பா வீட்டுக்கு எழுதிப் போட்டது, கோயிலுக்கு நெலம் கேட்டது, எல்லாம் பரிசீலனையிலயே இருந்து செத்துப் போச்சு. கடுதாசிய மடிச்சேன். "விடு, நம்மளால முடிஞ்சது இவ்வளவுதான்" ன்னேன்.

அவ கடுதாசிய என் கையிலேர்ந்து வாங்கி பைக்குள்ள போட்டுக்கிட்டா. அன்னைக்கு புதன்கிழமை. கிளினிக்குல மெஷின்ல நம்பர் எடுத்தா, உக்காந்தா, நம்பர் வந்ததும் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு கவுண்டருக்குப் போனா. அவளுக்கு முன்னால மூணு பேரு அதையே பண்ணிட்டு வந்து உக்காந்தாச்சு. அவளுக்குப் பின்னால இன்னும் மூணு பேரு கையில நம்பர் இருக்கு.

"கவுன்சலரப் பாக்கணும்" ன்னா.

"இப்ப கவுன்சலர் இல்லக்கா. முன்னாடி வந்தவங்ககிட்டயும் சொன்னேன்ல."

"தெரியும். நான் வந்தேன், கேட்டேன், நீங்க இல்லன்னு சொன்னீங்க. அத எழுதுங்க. இன்னைக்குத் தேதி போட்டு எழுதுங்க."

கவுண்டர்ல இருந்த பொண்ணு அவளையும் பாத்துச்சு, பின்னால இருந்த வரிசையையும் பாத்துச்சு. பேனாவ எடுத்துச்சு.

"பேரு?"

நான் அவ பக்கத்துலதான் நின்னேன். அவ பேர அவளே சொன்னா. சத்தமா.